சத்தியமும் சறுக்கலும்: குடிநோய்க் குழு சிகிச்சையில் சடங்கின் இடம்

தமிழ்நாட்டில் குடியை விட நினைப்பவர் எடுத்த எடுப்பில் மருத்துவமனைக்குப் போவது அபூர்வம். முனியப்பன் கோயிலில் கயிறு கட்டிக்கொள்வார். கருப்பசாமி முன்னால் சூடம் அடித்துச் சத்தியம் செய்வார். வேளாங்கண்ணி மாதாவுக்குப் பொருத்தனை வைப்பார், அல்லது தர்காவில் ஓதிக் கட்டிய தாயத்தோடு வீடு திரும்புவார். எதுவும் இல்லாவிட்டால் பிள்ளையின் தலையில் கை வைப்பார். சிகிச்சை மையத்துக்கு அவர் வந்து சேரும்போது இவற்றில் சிலவற்றைச் செய்து பார்த்திருப்பார். செய்ததை மீறியும் இருப்பார். மீறியதால் என்ன வருமோ என்ற பயமும் அவரோடு சேர்ந்து உள்ளே வருகிறது.

டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனை மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக நடத்திய தேசிய ஆய்வு 2019-இல் வெளியானது. இந்தியாவில் மது அருந்துபவர்கள் 16 கோடி என்றும், அவர்களில் 5.7 கோடிப் பேருக்கு உதவி தேவை என்றும் அது கணக்கிட்டது. குடிக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சை பெற்றதாகச் சொன்னார். மீதி 37 பேரும் அவர்கள் வீட்டாரும் சும்மா இருந்திருக்க மாட்டார்கள். அவர்களில் பலர் சாமியிடம் போயிருப்பார்கள். ஆகவே மதச் சடங்குகளையும் சின்னங்களையும் குழு சிகிச்சைக்குள் கொண்டுவரலாமா என்று நம் ஊரில் கேட்பதற்கே இடமில்லை. வட்டமாகப் போட்ட நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பவர்களின் மணிக்கட்டிலும் கழுத்திலும் அவை ஏற்கெனவே இருக்கின்றன. ஆலோசகர் அவற்றைப் பற்றிப் பேசுகிறாரா, காணாததுபோல் இருந்துவிடுகிறாரா என்பதே மிச்சம்.

இது குறித்து உலகின் பல பகுதிகளில் சேர்ந்திருக்கும் அனுபவங்களையும் ஆய்வுகளையும் அருகருகே வைத்துப் படித்தால், எந்தச் சாமி, எந்த மதம் என்பதைவிட வேறொன்று முன்னே வந்து நிற்கிறது. சத்தியத்தை மீறி மறுபடி குடித்துவிட்டவரை அந்தச் சடங்கு என்ன செய்கிறது? அவர் திரும்பி வர அதில் இடம் வைத்திருக்கிறதா? ஒரு சடங்கைக் குழு சிகிச்சையில் சேர்க்கலாமா கூடாதா என்று முடிவு செய்ய இதைவிட நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்திலிருந்து தொடங்குவதே முறை. குடிநோய்க்கான குழு வழிமுறைகளில் இதைப்போல் பரவியதும் இதைப்போல் ஆராயப்பட்டதும் வேறில்லை. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் பங்குச் சந்தைத் தரகர் பில் வில்சனும் அறுவை சிகிச்சை மருத்துவர் பாப் ஸ்மித்தும் சந்தித்ததில் பிறந்தது அது. இருவரும் அப்போது ஃப்ராங்க் புக்மன் என்ற பாதிரியாரின் ஆக்ஸ்ஃபர்ட் குழு என்னும் கிறிஸ்தவ எழுச்சி இயக்கத்தில் இருந்தார்கள். குற்றத்தை இன்னொருவரிடம் சொல்லுதல், தீங்கு இழைத்தவரிடம் போய் ஈடு செய்தல், காலையில் மௌனமாக அமர்தல் ஆகியவை அங்கிருந்து வந்தவை. பன்னிரண்டு படிகளை வில்சன் எழுதியபோது கடவுள் என்ற சொல் தாராளமாக இருந்தது. ஆரம்ப உறுப்பினர்களில் ஒருவரான ஜிம் பர்வெல் கடவுள் நம்பிக்கை இல்லாதவர். அவர் விடாமல் சண்டை போட்டார். அந்தச் சண்டையின் பலனாகத்தான், கடவுளை அவரவர் புரிந்துகொண்ட விதத்தில் எடுத்துக்கொள்ளலாம் என்ற இளக்கம் 1939-இல் வெளியான புத்தகத்தில் இடம்பெற்றது. அந்த ஒரு திருத்தம் இல்லாமலிருந்தால் இந்த இயக்கம் இந்துக்களும் முஸ்லிம்களும் பௌத்தர்களும் வாழும் நாடுகளுக்குப் போய்ச் சேர்ந்திருக்குமா என்பது சந்தேகமே.

அதே ஆக்ரன் நகரின் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் இக்னேஷியா என்ற கத்தோலிக்க அருட்சகோதரி இருந்தார். குடிநோயை நோய் என்று மருத்துவமனைகள் ஏற்காத காலத்தில், 1939-இல், டாக்டர் பாபோடு சேர்ந்து குடிநோயாளிகளை உள்ளே சேர்த்துக்கொண்டவர் அவர். சிகிச்சை முடிந்து கிளம்பும் ஒவ்வொருவர் கையிலும் இயேசுவின் திரு இருதயம் பதித்த சிறு சின்னம் ஒன்றைக் கொடுப்பார். மறுபடி குடிக்கத் தோன்றினால், முதல் கிளாஸைத் தொடும் முன் இதை என்னிடம் கொண்டுவந்து திருப்பித் தர வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. இதில் சாபமோ தண்டனையோ எதுவும் இல்லை. குடிக்கும் ஆசை எழுந்த நேரத்தில் ஒருவர் போக வேண்டிய திசையை அந்தச் சின்னம் மாற்றிவிடுகிறது: கடைக்கல்ல, தன்மேல் அக்கறை கொண்ட ஒரு மனிதரிடம். மதச் சின்னம் ஒன்றைச் சிகிச்சைக்குப் பயன்படுத்தியதற்கு இதைவிடச் சுத்தமான உதாரணத்தை நான் படித்ததில்லை. இன்று பல நாடுகளின் குழுக்களில் வழங்கப்படும் நாணயம் போன்ற வில்லைகளின் முன்னோடி இது என்று சொல்வதுண்டு.

அந்த வில்லைகளோடு ஒரு பழக்கம் வளர்ந்தது. ஒரு மாதம், மூன்று மாதம், ஒரு வருடம் என்று குடிக்காமல் கடந்த காலத்துக்கு ஒவ்வொரு நிறத்தில் வில்லை. கூடவே வெள்ளை வில்லை. முதன்முறை வருபவருக்கும் அது தரப்படும், பத்து வருடம் குடிக்காமல் இருந்து போன வாரம் சறுக்கியவருக்கும் அதேதான் தரப்படும். அவர் எழுந்து போய் அதை வாங்கும்போது அறை முழுக்கக் கைதட்டுகிறது. தோற்றவர் திரும்பி வருவதற்கென்றே வைத்த சடங்கு இது. கூட்டத்தின் மற்ற அம்சங்களும் சடங்குக்குரியவைதாம்: மன அமைதி வேண்டும் சிறு பிரார்த்தனை, பெயரைச் சொல்லித் தன்னைக் குடிநோயாளி என்று அறிமுகம் செய்துகொள்வது, பேசுபவரை யாரும் இடைமறிக்காதது, முடிவில் கை கோத்து நிற்பது. எந்த ஊரில் எந்தக் கூட்டத்துக்குள் நுழைந்தாலும் அடுத்து என்ன நடக்கும் என்பது தெரிந்திருக்கும். தலைக்குள் எதுவும் நிலையில்லாமல் இருக்கும் ஒருவருக்கு அந்த முன்னறிவு பெரிய ஆறுதல்.

இது வேலை செய்கிறதா? பல்லாண்டுகள் ஆராய்ச்சியாளர்கள் இதை நம்பவில்லை. அமெரிக்க அரசு நிதியில் 1,726 நோயாளிகளை வைத்து நடந்த ப்ராஜெக்ட் மேட்ச் என்ற பெரிய ஆய்வின் முடிவுகள் 1997-இல் வந்தபோது நிலைமை மாறத் தொடங்கியது. பன்னிரண்டு படிகளை நோக்கி வழிநடத்தும் சிகிச்சை, அறிதல் நடத்தை சிகிச்சைக்கும் ஊக்குவிப்பு சிகிச்சைக்கும் ஈடாக நின்றது. முழுமையாகக் குடியை நிறுத்துவதில் சற்று முன்னாலும் நின்றது. 2020-இல் ஜான் கெல்லியும் கீத் ஹம்ப்ரீஸும் மரிக்கா ஃபெர்ரியும் காக்ரேன் அமைப்புக்காக 27 ஆய்வுகளைத் தொகுத்தார்கள். மொத்தம் 10,565 பேர். ஒரு வருட முடிவில் தொடர்ந்து குடிக்காமல் இருந்தவர்கள் இந்த வழியில் 42 சதவீதம், மற்ற சிகிச்சைகளில் 35 சதவீதம். அதிசயமான வித்தியாசம் அல்ல. ஆனால் செலவே இல்லாமல், மருத்துவர் இல்லாத ஊரிலும் நடத்தக்கூடிய ஒன்று தரும் வித்தியாசம் என்பதை மறந்துவிடக் கூடாது.

எதனால் வேலை செய்கிறது என்று துருவியவர்களுக்குக் கிடைத்த பதில்தான் நம் விஷயத்துக்கு நெருக்கமானது. கெல்லியின் குழு செய்த பகுப்பாய்வுகளில், நண்பர் வட்டம் மாறுவதும், குடிக்கத் தூண்டும் சூழலில் தாக்குப்பிடிக்க முடியும் என்ற நம்பிக்கை வளர்வதும் பெரும்பங்கு வகித்தன. ஆன்மிக ஈடுபாடு கூடியதும் உதவியது; ஆனால் அது நோய் முற்றியவர்களிடம்தான் கூடுதலாகத் தெரிந்தது. டோனிகனும் மில்லரும் ஷெர்மரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இன்னொன்றைக் காட்டியது: நாத்திகர்கள் இந்தக் கூட்டங்களுக்குக் குறைவாகவே போகிறார்கள், ஆனால் போய்க்கொண்டே இருந்தவர்களுக்குக் கிடைத்த பலன் மற்றவர்களுக்குக் கிடைத்ததைவிடக் குறையவில்லை.

மருந்துபோல ஆன்மிகத்தை வெளியிலிருந்து ஊட்ட முடியுமா என்பதையும் சோதித்திருக்கிறார்கள். சிகிச்சைக்கு வந்தவர்களுக்கு ஆன்மிக வழிகாட்டிகளைக் கொண்டு தனி அமர்வுகள் நடத்திப் பார்த்த வில்லியம் மில்லர், அது குடியைக் குறைக்கவில்லை என்று 2008-இல் ஒளிவுமறைவின்றி எழுதினார். 1997-இல் 40 பேரை வைத்து நடந்த சிறு ஆய்வு ஒன்றில், முகம் தெரியாதவர்கள் தூரத்திலிருந்து செய்த பிரார்த்தனையால் எந்த மாற்றமும் இல்லை. வீட்டில் யாரோ தனக்காகப் பிரார்த்திக்கிறார்கள் என்று முன்பே அறிந்திருந்தவர்கள் ஆறு மாதம் கழித்து மற்றவர்களைவிட அதிகமாகவே குடித்துக்கொண்டிருந்தார்கள். நிலைமை மோசமான வீடுகளில்தான் பிரார்த்தனை அதிகம் நடக்கும் என்பது இதற்குக் காரணமாக இருக்கலாம். எப்படியிருந்தாலும், நோயாளி தானே கையையும் காலையும் அசைத்து, மற்றவர்கள் முன்னிலையில் செய்யும் சடங்குக்கும், அவர்மேல் அல்லது அவருக்காக யாரோ செய்யும் சடங்குக்கும் வேறுபாடு இருக்கிறது என்றே இந்த முடிவுகளிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன்.

இனி சத்தியத்துக்கு வருவோம். உலகில் குடியை நிறுத்த மனிதர்கள் மிக அதிகமாகப் பயன்படுத்திய சடங்கு இதுதான். 1838-இல் அயர்லாந்தின் கார்க் நகரில் தியோபால்ட் மாத்யூ என்ற கப்புச்சின் துறவி தொடங்கிய இயக்கத்தில் மக்கள் கூட்டம் கூட்டமாக மண்டியிட்டு உறுதிமொழி சொன்னார்கள். நினைவாக ஒரு பதக்கம் பெற்றார்கள். சில ஆண்டுகளில் லட்சக்கணக்கானோர் சேர்ந்தார்கள். 1845-இல் தொடங்கிய பெரும் பஞ்சத்தில் அந்த அலை உடைந்தது. உறுதிமொழி எடுத்த நாளில் இருந்த பெருந்திரள் அடுத்த வாரம் கூடிப் பேச ஏற்பாடு போதுமான அளவு இல்லை என்பது அதன் பலவீனம். 1898-இல் ஜேம்ஸ் கல்லன் என்ற இயேசு சபைப் பாதிரியார் தொடங்கிய பயனியர் சங்கம் வேறு வழி எடுத்தது. குடிக்கு அடிமையாகாதவர்களே ஆயுள் முழுக்க மதுவைத் தொடுவதில்லை என்று உறுதி எடுத்து, சட்டையில் திரு இருதயச் சின்னத்தைக் குத்திக்கொண்டு, குடியில் தவிப்பவர்களுக்காக அந்தத் தியாகத்தை ஒப்புக்கொடுத்தார்கள். கஷ்டத்தில் இருப்பவர் தனியாக விரதம் இருக்க வேண்டியதில்லை என்று சுற்றியிருப்பவர்கள் சேர்ந்துகொள்வது அழகான எண்ணம். நம் ஊர்க் குடும்பக் கூட்டங்களில் இதை ஏன் யோசிப்பதில்லை என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அப்பா சிகிச்சையில் இருக்கும் வீட்டுக் கல்யாணத்தில் மாமாவும் சித்தப்பாவும் பின்பக்கம் பாட்டில் திறக்காமல் இருந்தாலே போதும்.

தாய்லாந்தின் சரபுரி மாகாணத்தில் தம்கிரபோக் என்ற பௌத்த மடம் இருக்கிறது. சர்வாதிகாரி சரித் தனரத் 1959-இல் அபினைத் தடை செய்ததும் அதற்கு அடிமையானவர்கள் அங்கே வரத் தொடங்கினார்கள். மடத்தின் தலைவர் சம்ரூன் பிக்கு அவர்களுக்குப் பச்சிலை மருந்து கொடுத்து வாந்தி எடுக்கவைத்தார். மற்ற நோயாளிகள் சூழ்ந்து பாடி ஊக்கப்படுத்துவார்கள். சிகிச்சையின் உயிர் மருந்தில் இல்லை, உள்ளே நுழையும்போது செய்யும் சத்தியத்தில் இருக்கிறது என்பது மடத்தின் நம்பிக்கை. இந்தப் பணிக்காக அவருக்கு 1975-இல் மகசேசே விருது கிடைத்தது. அங்கே வழிவழியாக வந்த விதி: ஒருவருக்கு ஒரே முறைதான் சிகிச்சை. சத்தியத்தின் கனம் குறையக் கூடாது என்பதே அதன் நியாயம். அந்தக் கடுமையால் நிமிர்ந்தவர்கள் பலர் இருக்கிறார்கள், மறுப்பதற்கில்லை. ஆனால் மருத்துவம் சொல்வது வேறு. தாமஸ் மக்லெலனும் அவரது சகாக்களும் 2000-இல் எழுதியபடி, சிகிச்சை முடிந்த ஒரு வருடத்துக்குள் 40 முதல் 60 சதவீதம் பேர் சறுக்குகிறார்கள். ஆஸ்துமா, ரத்த அழுத்தம் போன்ற நீண்டகால நோய்களிலும் ஏறக்குறைய இதே நிலைதான். பாதிப் பேருக்கு நேரப்போகிற ஒன்றுக்கு, இனி வராதே என்பது பதிலாக முடியாது.

சியாட்டிலில் பணியாற்றிய உளவியலாளர் ஆலன் மார்லட் 1985-இல் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். குடியை விட்டவர் ஒரு கிளாஸ் குடித்துவிடுவதால் மட்டும் பழைய நிலைக்குப் போவதில்லை. குடித்தபின் வரும் குற்ற உணர்வு, எல்லாம் போச்சு, இனி என்ன இருக்கிறது என்ற எண்ணம், அதுதான் அடுத்த பாட்டிலைத் திறக்கிறது. இதை நம் ஊர்ச் சத்தியங்களோடு சேர்த்து யோசித்துப் பாருங்கள். பிள்ளையின் தலையில் அடித்துச் செய்த சத்தியத்தை மீறியவர், பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் தன்னால்தான் வந்தது என்று நம்புவார். அந்த நினைப்பைத் தாங்கக் குடிப்பார். கயிற்றை அறுத்தெறிந்துவிட்டுக் குடிப்பவர் அந்தக் கோயில் தெருவுக்குள்கூடப் பிறகு போக மாட்டார். சாமியின் உக்கிரம் எந்த அளவுக்குச் சத்தியத்தைக் காக்கிறதோ, அதே அளவுக்குச் சறுக்கியபின் அவரைக் கீழே தள்ளுகிறது. குழு சிகிச்சை நடத்துபவர்கள் இந்த இடத்தில்தான் பேசியாக வேண்டும்.

மெக்சிகோ மக்களின் வழக்கம் ஒன்றில் இதற்கு நடைமுறையான விடை இருக்கிறது. குவாதலூப்பே மாதா முன்னிலையில் பாதிரியாரிடம் போய்க் குடிக்க மாட்டேன் என்று உறுதி எடுப்பார்கள், ஆனால் ஆயுளுக்கு அல்ல. மூன்று மாதமோ ஒரு வருடமோ, எவ்வளவு காலம் என்பதை எடுப்பவரே சொல்கிறார். அது அட்டையில் எழுதப்படுகிறது. காலம் முடிந்தால் புதுப்பிக்கலாம். அமெரிக்காவில் குடியேறிய மெக்சிகோக்காரர்களிடையே இதைச் சிகிச்சைக்குத் துணையாகச் சேர்க்கலாம் என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

நமக்குச் சபரிமலை மாலை இருக்கிறது. குறிப்பிட்ட காலத்துக்குக் குடியை நிறுத்தவைக்கும் சடங்குகளில் இதைப்போல் முழுமையாக அமைந்தது வேறெங்கும் உண்டா என்று தெரியவில்லை. 41 நாள். கழுத்தில் மாலை, கறுப்பு அல்லது நீல வேட்டி, வெறுங்கால், அதிகாலைக் குளியல், மாலையில் பஜனை, தரையில் பாய். குருசாமி ஒருவரின் மேற்பார்வை. இவை எல்லாவற்றையும்விட, நேற்றுவரை திட்டு வாங்கியவரை மனைவியும் பிள்ளைகளும் முதலாளியும் தெருவில் போகிறவரும் சாமி என்று அழைக்கிறார்கள். மரியாதை இழந்த ஒருவருக்கு ஒரே நாளில் ஊர் மொத்தமும் சேர்ந்து மரியாதை தருகிறது. குடிக்கும் நேரமான மாலைப்பொழுது முழுக்கப் பூஜையிலும் கூட்டத்திலும் போய்விடுகிறது. கூடவே, மாலை போட்டவரைக் கூப்பிட்டுக் குடிக்க உட்காரவைக்க எந்த நண்பனும் துணிய மாட்டான். குழு சிகிச்சை கட்டி எழுப்ப நினைக்கும் அத்தனையும் இதில் இருக்கிறது.

ஆனால் மாலையைக் கழற்றிய அன்று இவை அத்தனையும் ஒன்றாக மறைகின்றன. பெயர் பழைய பெயராகிவிடுகிறது, மாலைப்பொழுது காலியாகிவிடுகிறது, நண்பர்கள் வந்துவிடுகிறார்கள். 41 நாள் இருக்க முடிந்ததே, நான் அடிமை இல்லை என்ற தவறான முடிவும் சேர்ந்துகொள்கிறது. சிகிச்சை மையங்கள் மண்டல காலத்தைத் தங்கள் நாட்காட்டியில் குறித்துவைத்துக்கொண்டு, மலைக்குப் போய் வந்தவர்களை மாலை கழற்றும் வாரத்திலேயே குழுவுக்கு அழைத்து உட்காரவைக்கலாம். தவக்காலத்தில் மதுவை ஒதுக்கும் கிறிஸ்தவர்களுக்கும், ரமலான் மாதம் முழுக்கத் தொடாமல் பெருநாளுக்குப் பின் மறுபடி தொடங்கும் முஸ்லிம்களுக்கும் இதுவே பொருந்தும். விரத காலத்தில் எது உங்களைத் தாங்கியது, அதில் எதை நாளைக்கும் வைத்துக்கொள்ள முடியும் என்ற கேள்வி அந்த நேரத்தில் கேட்டால்தான் வேர் பிடிக்கும்.

வட அமெரிக்கப் பூர்வகுடிகளின் அனுபவம் இந்த விவாதத்துக்கு வேறொரு பரிமாணம் தருகிறது. செனக்கா இனத்தைச் சேர்ந்த ஹேண்ட்சம் லேக் குடியால் படுக்கையில் விழுந்து, 1799-இல் கண்ட தரிசனங்களுக்குப் பின் மதுவை விலக்கும் நெறி ஒன்றைத் தன் மக்களுக்குப் போதித்தார். அது இன்றும் ஓதப்படுகிறது. அதன் பிறகு, அமெரிக்க அரசு 1883-இல் கொண்டுவந்த விதிகளும் கனடாவின் 1884 சட்டத் திருத்தமும் அவர்களின் சடங்குகளைக் குற்றமாக்கின. கனடாவின் அல்கலி லேக் கிராமத்தில் ஏறக்குறைய எல்லாப் பெரியவர்களும் குடித்துக்கொண்டிருந்த நிலையில், 1972-இல் ஃபிலிஸ் செல்சி என்ற பெண் முதலில் நிறுத்தினார். பிறகு அவர் கணவர் ஆண்டி. 1980-களின் நடுவில் கிராமத்தில் பெரும்பாலோர் குடியை விட்டிருந்தார்கள். உள்ளே அமர்ந்து வியர்த்துப் பிரார்த்திக்கும் வெப்பக் குடிலும் பழைய சடங்குகளும் மீண்டு வந்தது அந்த மீட்சியின் ஒரு பகுதி. டான் கோய்ஹிஸ் 1988-இல் தொடங்கிய வைட் பைசன் அமைப்பு பன்னிரண்டு படிகளைப் மருத்துவச் சக்கரம் என்ற பூர்வகுடிகளின் வட்டச் சின்னத்தில் வைத்துக் கற்பிக்கிறது. குழுவில் இறகு கைமாறும், இறகு வைத்திருப்பவர் மட்டும் பேசுவார். பறிக்கப்பட்ட சடங்கை மீட்டெடுப்பதே அவர்களுக்குச் சிகிச்சையாகிறது. அந்தப் பாதை அவர்களுடையது. வேறு ஊரில் ஒரு மையம் அழகாக இருக்கிறது என்று இறகை வாங்கிவந்து சுற்றவிட்டால், வரலாறு இல்லாத வெறும் பொருள்தான் கையில் மிஞ்சும்.

இந்தியாவில் முகாம் வழி வளர்ந்தது. சாந்தி ரங்கநாதன் 1980-இல் சென்னையில் நிறுவிய டி.டி.கே. மருத்துவமனை, 1989 முதல் மஞ்சக்குடி கிராமத்தில் குடிநோய் முகாம்கள் நடத்தியது. மருத்துவமனையை ஊருக்கே கொண்டுபோய், ஊரார் முன்னிலையில் சிகிச்சை தந்து, ஊராரையே பின்தொடர்தலுக்குப் பொறுப்பாக்கிய முயற்சி அது. கர்நாடகத்தின் தர்மஸ்தலாவில் மத அடையாளம் இன்னும் வெளிப்படையானது. வீரேந்திர ஹெக்டேயின் வழிகாட்டலில் நடக்கும் மது விலக்கு முகாம்களில் சுமார் எட்டு நாள் பஜனை, யோகா, ஆலோசனை, குடும்பத்தாருடன் அமர்வு எல்லாம் உண்டு. முகாமோடு முடிவதில்லை, குடியை விட்டவர்கள் நவஜீவன சமிதி என்ற பெயரில் தொடர்ந்து கூடுகிறார்கள், நூறாவது நாளைக் கொண்டாடுகிறார்கள். மஞ்சுநாதர் கோயிலில் பூசை செய்பவர்கள் வைணவர்கள், பரம்பரையாக நிர்வகிப்பவர்கள் சமணர்கள். ஒரு சமயத்தின் சொத்தாகத் தோன்றாத அந்த அமைப்பும் பலரை உள்ளே வரவைக்கிறது என்று நினைக்கிறேன்.

நம் நாட்டார் தெய்வங்களிடம் ஒரு சிக்கல் உண்டு, அதை நேராகவே எதிர்கொள்ள வேண்டும். கருப்பசாமிக்கும் முனிக்கும் பல ஊர்களில் சாராயமும் சுருட்டும் படைக்கிறோம். படையல் முடிந்ததும் அது பிரசாதம். குடியை விடச் சத்தியம் வாங்கும் சாமியே குடியை ஏற்கும் சாமியாகவும் இருக்கிறது. கொடை விழாவில் மறுத்தால் சாமி குற்றம் ஆகிவிடுமோ என்று நடுங்குபவரிடம், அதெல்லாம் மூடநம்பிக்கை என்று சொல்லி அனுப்பும் ஆலோசகர் அவரைக் கைவிடுகிறார். அந்த ஊர்ப் பூசாரியோடு பேசி, அவருக்கு மட்டும் திருநீறும் எலுமிச்சம்பழமும் போதும் என்று சொல்லவைக்க முடிந்தால் ஒரு பெரிய ஆபத்து தீர்கிறது. பூசாரிக்கு அந்த அதிகாரம் இருக்கிறது, மருத்துவருக்கு இல்லை.

சடங்கு கெட்டுப்போகும் வழிகளையும் சொல்லியாக வேண்டும். அவற்றில் முதலாவது கட்டாயம். அமெரிக்காவில் சிறைக்கைதிகளையும் பரோலில் வந்தவர்களையும் பன்னிரண்டு படிக் கூட்டங்களுக்குக் கட்டாயமாக அனுப்பியது அரசியல் சாசனத்துக்கு எதிரானது என்று 1996 முதல் பல நீதிமன்றங்கள் தீர்ப்பளித்தன. 2007-இல் வந்த தீர்ப்பு ஒரு பௌத்தர் தொடுத்த வழக்கில். அடுத்தது தலைவர் வழிபாடு. சார்ல்ஸ் டீடரிக் 1958-இல் கலிஃபோர்னியாவில் தொடங்கிய சினனான், ஒருவரை வட்டத்தின் நடுவில் வைத்து எல்லோரும் திட்டித் தீர்க்கும் குழுச் சடங்கைச் சிகிச்சை என்றது. பிறகு தன்னை மதமாக அறிவித்துக்கொண்டது. 1978-இல் தங்களுக்கு எதிராக வாதாடிய வழக்கறிஞரின் தபால் பெட்டியில் விஷப்பாம்பை வைக்கும் அளவுக்கு அதன் உறுப்பினர்கள் போனார்கள்.

எல்லாவற்றிலும் கொடியதை நாம் நம் மண்ணிலேயே பார்த்தோம். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்த மனநோயாளிகளைச் சங்கிலியில் பூட்டிவைத்திருந்த தனியார் காப்பகம் தீப்பிடித்து 25-க்கும் மேற்பட்டோர் கருகினார்கள். அதற்கு அடுத்த ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ரகுராமும் சக ஆய்வாளர்களும் தமிழ்நாட்டின் இன்னொரு புனிதத் தலத்தைப் பற்றி எழுதினார்கள்: வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசுவாமி கோயில். அங்கே குடும்பத்தாரோடு தங்கிய 31 பேரின் மனநோய்க் குறிகள், மருந்து எதுவும் இல்லாமலே, ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்தன. அவர்கள்மேல் விசேஷச் சடங்கு எதுவும் நடத்தப்படவில்லை. காலை வழிபாட்டில் நின்றார்கள், கோயில் வேலைகளில் பங்கெடுத்தார்கள், யாரும் அவர்களை விரட்டவில்லை. இரண்டும் புனிதமான இடங்கள் என்று நம்பித்தான் குடும்பங்கள் போயின. நடத்தப்பட்ட விதம்தான் வேறு.

குடிநோயில் இன்னொரு உடனடி ஆபத்து உண்டு. நாள்தோறும் அதிகமாகக் குடித்தவர் சத்தியம் செய்து ஒரே நாளில் நிறுத்தினால், முதல் இரண்டு நாளில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் புத்தி தடுமாறி, இல்லாத உருவங்கள் தெரிந்து, உயிரே போகலாம். அதைச் சாமி குற்றம் என்றோ பேய் பிடித்தது என்றோ நினைத்துக் கோயிலிலேயே கிடத்திவைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன. மருத்துவர் பார்த்து, மருந்தும் தயாமின் ஊசியும் கொடுத்து, அந்த வாரம் கடந்தபின் சத்தியம் செய்யட்டும். எந்தத் தெய்வமும் அந்த ஒரு வாரத்தைக் குறையாகக் கருதாது.

அதன்பின் குழுவில் செய்யக்கூடியவை எளிமையானவை. வருபவர் இதுவரை செய்த சத்தியங்களைப் பற்றி முதலிலேயே கேட்பது. மீறியதால் எதற்குப் பயப்படுகிறார் என்று சொல்லவைத்து, அதே பயத்தைச் சுமக்கும் மற்றவர்களை அவரோடு பேசவைப்பது. குழுவுக்கென்று ஒரே மதத்தின் சின்னத்தை மேசையில் வைக்காமல், அவரவர் கொண்டுவருவதை அவரவரே விளக்கவிடுவது. நம்பிக்கை இல்லாதவர் தன் மகளின் புகைப்படத்தைக் கொண்டுவரட்டும். ஆயுள் சத்தியத்துக்குப் பதில் அடுத்த கூட்டம்வரை மட்டும் உறுதி. சறுக்கியவர் திரும்பி வரும் நாளுக்கு ஒரு முறை வகுத்துவைப்பது: எல்லோரும் எழுந்து நிற்பது, விளக்கை அவர் கையால் ஏற்றவைப்பது, எதுவாக இருந்தாலும் அதை அந்தக் குழுவே முன்கூட்டிப் பேசி முடிவு செய்திருக்க வேண்டும்.

பெண்களைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடிக்க முடியாது. கணவரின் குடிக்காக மண்சோறு தின்பதும், தீச்சட்டி எடுப்பதும், வெள்ளிக்கிழமைதோறும் பட்டினி கிடப்பதும் மனைவியும் தாயும்தான். குடிப்பது ஒருவர், உடம்பை வருத்திக்கொள்வது இன்னொருவர். அவர் மறுபடி குடிக்கும்போது, என் வேண்டுதலில்தான் குறை என்று அந்தப் பெண் தன்னையே பழிக்கிறார், அடுத்த விரதத்தைக் கூட்டுகிறார். பில் வில்சனின் மனைவி லூயிஸ் 1951-இல் குடும்பத்தாருக்கென்று அல்-அனான் அமைப்பைத் தொடங்கியதற்குக் காரணம் இதற்கு நெருக்கமானது: குடிப்பவரைத் திருத்தும் பொறுப்பிலிருந்து அவர்கள் விடுபட வேண்டும். நம் மையங்களின் குடும்ப அமர்வுகளில் இந்த விரதக் கணக்கை வெளிப்படையாகப் பேசலாம். எத்தனை வருடமாக எதையெல்லாம் வேண்டிக்கொண்டிருக்கிறீர்கள் என்று கேட்கலாம். அவர்கள் விரும்பினால், பூசாரியையோ பாதிரியாரையோ இமாமையோ வைத்தே அந்த நேர்த்திக்கடன்களை முறைப்படி முடித்துவைத்து, இனி உங்கள் பட்டினியைப் பொறுத்து இல்லை அவர் குடிப்பதும் விடுவதும் என்று அந்தச் சாமியின் பெயராலேயே சொல்லவைக்கலாம்.